பேய்க்கு ஒரு முகம்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

சுண்டெலி எழுதுறேன். எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லை, சளி மட்டும் வாடகை குடுக்காம மூக்குல குடியிருக்கு. உன் கால் வீக்கம் எப்படி இருக்கு? நாள் பூரா நின்னபடியே ஓட்டல் பெட்ஷீட்டை மடிச்சா வீங்காம என்ன செய்யும்? சாயங்காலம் காலைத் தலகாணி மேல தூக்கி வச்சுப் படு. நர்ஸா இருந்தவளுக்கு நான் சொல்லித் தர வேண்டியிருக்கு, காலம்தான்.

எனக்கு வேலை கிடைச்சிருக்கு. இந்த நகரத்துப் பெரிய மாதா கோயில்ல இருக்கிற பழைய சுரூபம், அதான் சிலையையெல்லாம் சுரண்டி, புதுசா வர்ணம் அடிக்கிற வேலை. உடம்பும் உடுப்பும் மேஸ்திரி பார்த்துக்குவார். முகம் மட்டும் என் பொறுப்பு. துணிக்கடை பொம்மைக்கு உதடு வரைஞ்சுக்கிட்டு இருந்தவளுக்கு இது பெரிய பதவிதானே?

முதல் நாள் வேலையைத் தொடாம கோயிலைச் சுத்திப் பார்த்தேன். கதவைத் தாண்டினதும் தெருச் சத்தம், வெயில் ரெண்டும் வாசல்லயே நின்னுடுது. வந்தவங்க காலெல்லாம் பட்டுப் பட்டுப் படிக்கல்லு நடுவுல தேஞ்சு குழியாயிருக்கு. கண்ணாடி சன்னல் வழியா தரையில நீலமா வெளிச்சம் விழுது. தரை துடைக்கிற அம்மா அந்த நீலத்தையும் சேர்த்துத் துடைக்கிறாங்க. ஊர் பார்க்க வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி இருக்கான். அவன் வாய் மூடி நான் பார்த்ததே இல்லை. தெரியாததையும் தெரிஞ்ச மாதிரி சொல்றதுக்கு அவனுக்குச் சம்பளம்.

வலது பக்கம் ஒரு சின்னப் பீடம். தேவதூதர் மிக்கேல் சம்மனசு றெக்கையும் ஈட்டியுமா நிக்கிறார், காலடியில பேய் மல்லாந்து கிடக்குது. அந்தப் பீடத்துச் செலவு முழுக்க ஒருத்தர் ஏத்துக்கிட்டார், செத்துப்போன அவங்கப்பா ஞாபகமா. யாருன்னு எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன். உன்கிட்ட மறைச்சு எனக்குப் பழக்கம் இல்லை. உன் டாக்டர்தான் அக்கா.

நேத்து வந்திருந்தார். என்னைத் தெரியலை. அன்னிக்கு வாசல்ல வந்து நின்ன ரெட்டைச்சடைப் பொண்ணு இவதான்னு எப்படித் தெரியும்? பீடத்துக்கு முன்னாடி கண்ணை மூடி மண்டி போட்டு ஜெபம் பண்ணினார். நல்ல மனுஷன்னு எல்லாரும் சொல்றாங்க.

உடம்பைப் பார்த்துக்கோ. கோபப்படாதே. சொன்னாலும் கேட்கப் போறதில்லை.

உன் சுண்டெலி


ஜனவரி 27

சுண்டெலிக்கு,

கால் இருக்கு, வீக்கமும் இருக்கு. ரெண்டும் சேர்ந்தே நடக்குது. உன் சளிக்கு ஆவி பிடி.

அது என்ன 'உன் டாக்டர்'? அவன் என்ன எனக்கு மாமனா மச்சானா? இன்னொரு தடவை அப்படி எழுதினே, கடுதாசி பிரிக்காமலே திரும்பி வரும்.

நல்ல மனுஷனாமில்லே! கேட்டதும் எனக்கு வயிறு எரியுது. மறந்திருந்தா மறுபடி சொல்றேன், கேட்டுக்கோ. வார்டுல மத்தியான டூட்டி. பஸ் ஓட்டுற ஒருத்தர், வயித்து வலின்னு வந்தவர். அந்த வெள்ளைக்கோட்டு வீட்டுல சாப்பிட்டுக்கிட்டே எனக்குப் போன் பண்ணினான். ஊசிப் பேரைச் சொன்னான், அளவைச் சொன்னான். 'அவ்வளவா டாக்டர்?'னு கேட்டேன். 'நீ டாக்டரா, நான் டாக்டரா?'ன்னான். போட்டேன். விளக்கு வைக்கிறதுக்குள்ள அந்த ஆள் போயிட்டார். வந்து நின்னான் பாரு, ஒரே வார்த்தை: 'நான் சொல்லவே இல்லை, அவளாப் போட்டுட்டா.'

அதோட விட்டானா? சொந்தக்காரங்க சத்தம் போட்டதும், எக்ஸ்ரே அறை வாசல்ல, அத்தனை பேர் பார்க்க, 'இவங்க முன்னாடி மண்டி போட்டு மன்னிப்புக் கேளு, இல்லைன்னா போலீஸ்'னான். போட்டேன். அந்த டிரைவரோட சம்சாரம் என் முகத்தைக்கூடப் பார்க்கலை. நான் பார்த்தது தரையை. பினாயில் வாசனை இன்னும் மூக்குல இருக்கு.

அப்புறம் நீ அவன் வீட்டு வாசல்ல போய் நின்னே. 'எங்கக்காகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க'ன்னே. என்ன சொன்னான்? 'நான் முட்டியை மடக்குறது கோயில்ல மட்டும்தான்'னு சொல்லிக் கதவைச் சாத்தினான். நீ அழுதுக்கிட்டே வந்து சொன்னே. நான் அழலை. அந்த ஆளை ஒரு நாள் என் முன்னாடி மண்டி போட வைக்கலைன்னா நான் ஒரு மனுஷியே இல்லைன்னு அன்னிக்கே முடிவு பண்ணினேன். ஒன்பது வருஷம் ஆச்சு. பெட்ஷீட்தான் மடிஞ்சிருக்கு.

இப்ப சாமியே உன் கையில தூரிகையைக் குடுத்திருக்கு. அந்தப் பேய்க்கு அவன் முகத்தை வை. சம்மனசு காலுக்குக் கீழே, ஈட்டி முனைக்கு நேரா, ஊரே வந்து பார்க்கட்டும். மண்டி போடாதவன் மல்லாந்து கிடக்கட்டும்.

இதைப் போன்ல பேச மாட்டேன். வாயால சொன்னதை நம்பி ஒரு தடவை பட்டது போதும். எல்லாம் எழுத்துல இருக்கட்டும்.

ஒழுங்காச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போயிடுச்சு, இருமல் வந்திருக்கு. சுரண்டுற தூசிதான் காரணம். நீ எப்படி இருக்கே? ராத்திரி தூங்குறியா? அதைப் பத்தி எழுதவே மாட்டேங்கிறே.

உன் கடுதாசியை மேஸ்திரிக்குத் தெரியாம சாரத்து மேல உட்கார்ந்து படிச்சேன். என் பயம் உனக்கே தெரியும். இந்த வேலை போச்சுன்னா மறுபடி துணிக்கடை பொம்மைதான்.

ஆனா ஒரு வேடிக்கை கேளு. பேய் முகத்துல பழைய வர்ணத்தைச் சுரண்ட ஆரம்பிச்சோம். ஒரு பூச்சு உரிஞ்சா அடியில இன்னொரு முகம். மேல இருந்தவனுக்கு முறுக்கு மீசை. அதுக்குக் கீழே ஒருத்தன், ஒன்றரைக் கண்ணு. அதுக்கும் கீழே தாடையில மரு வச்ச குண்டு ஆள், பார்த்தாலே மேலதிகாரின்னு தெரியுது. மேஸ்திரி குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். 'இது எங்க தொழில்ல வழக்கம்மா. ஒவ்வொரு தடவையும் வர்ணம் அடிக்கிறவன் தனக்கு ஆகாதவன் மூஞ்சியைப் பேய்க்கு வச்சிடுவான். வெளியில சொல்றதில்லை'ன்னார். 'சம்மனசுக்கு?'ன்னு கேட்டேன். 'அதை யாரு தொடப்போறா? அதுக்கு ஒரே பூச்சுதான், அதுவும் வெளுத்துப் போச்சு'ன்னார்.

அப்ப மனசு கொஞ்சம் தைரியமாச்சு. மூணு பேர் செஞ்சதுதானே, நாலாவதா நானும் செய்றேன். டாக்டர் வர்றப்பல்லாம் சாரத்துல இருந்து பார்த்துப் பார்த்து வரையறேன். முகம் ஊதிப்போயிருக்கு. ரெண்டு முட்டியிலயும் வலி போல, படி ஏறுறப்போ கம்பு ஊன்றார்.

ஜாக்கெட் பித்தான் அறுந்திருந்தா உடனே தைச்சுக்கோ, குளிருல அப்படியே திரியாதே.

சுண்டெலி


பிப்ரவரி 26

சுண்டெலிக்கு,

நலம். தூக்கத்தைப் பத்திக் கேட்காதே, அது என் சொந்த விஷயம். இருமலுக்கு வாயில துணி கட்டிக்கிட்டு வேலை பாரு.

நீ அங்க இருந்து பார்க்கிறதை விட எனக்கு இங்க இருந்தே நல்லாத் தெரியும், எழுதிக்கோ. காது மடல் ரெண்டும் ஒட்டாம தொங்கும். கீழுதடு மேலுதட்டை விடத் தடிப்பு. பொய் சொல்றப்போ மூக்கு நுனி சிவக்கும், அதை மறக்காதே, சிவப்பைத் தாராளமாப் போடு. நெத்தியில மூணு கோடு. சிரிச்சா ஒரு பக்கம் மட்டும்தான் சிரிப்பான், இன்னொரு பக்கம் வேற யாருக்கோ சொந்தம் மாதிரி.

ஆறு வருஷம் பக்கத்துல நின்னு வேலை பார்த்தேன் இல்லே, எனக்குத் தெரியாதா? அவன்தான் என் முகத்தை ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்தது கிடையாது. கையை நீட்டுவான், நான் வைக்கணும். அவனுக்கு நான் ஒரு ஜோடிக் கை. அவ்வளவுதான்.

சீக்கிரம் முடி. முடிஞ்சதும் எழுது. என் கால் நல்லாத்தான் இருக்கு.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சௌக்கியம்னு நம்பறேன். தாமதத்துக்குத் திட்டாதே. இந்தக் கடுதாசியைப் படிச்சுட்டு எப்படியும் திட்டத்தான் போறே, ரெண்டையும் சேர்த்துத் திட்டிக்கோ.

வச்சேன். மூக்கு நுனி சிவப்பு வரைக்கும் அப்படியே வந்திருச்சு. மேஸ்திரி ஒரு பார்வை பார்த்துட்டு, 'யாரு, தாய்மாமனா?'ன்னு கேட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டார். ரெண்டு நாள் துணி போட்டு மூடி வச்சிருந்தேன். மூணாம் நாள் டாக்டர் குடும்பத்தோட வந்துட்டார், பூசை வைக்கிற சாமியாரும் கூட. துணியை எடுக்கச் சொன்னாங்க.

அவருக்குத் தெரியலை அக்கா! சத்தியமாத் தெரியலை. கிட்டக்கப் போய்க் குனிஞ்சு பார்த்துட்டு, 'பேய்னா இப்படித்தான் இருக்கணும், முகத்துலயே திருட்டுத்தனம் தெரியுது'ன்னார். நான் உதட்டைக் கடிச்சுக்கிட்டேன். அப்ப அவர் சம்சாரம் கை தட்டிக்கிட்டு, 'ஐயய்யோ, இது உங்க மூஞ்சிங்க! அந்தக் காதைப் பாருங்களேன்!'னு ஒரே சிரிப்பு. அந்தம்மா வெள்ளந்தி, விளையாட்டாத்தான் சொன்னாங்க. ஆனா சாமியார் ஒரு தடவை அவரைப் பார்த்தார், ஒரு தடவை பேயைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

நான் வேணும்னு செய்யலை, அடிக்கடி பார்க்கிற முகம் கையில வந்திருச்சுன்னு சொன்னேன். மேஸ்திரி எனக்காக எவ்வளவோ பேசினார். வேலை போகலை. ஆனா என் கையாலேயே சுரண்டச் சொல்லிட்டாங்க. சுரண்டினேன். இனிமே பேய் முகத்தை யாராவது ஒருத்தர் பக்கத்துல நிக்காம நான் தொடக் கூடாது. மணி அடிக்கிற கோயில்பிள்ளையை நாற்காலி போட்டு உட்கார வச்சிருக்காங்க. மனுஷன் பேயைக் காவல் காக்கிறேன்னு தூங்குறார்.

மன்னிச்சுக்கோ. உன் போட்டோ ஒண்ணு அனுப்பு அக்கா. பார்த்து ரொம்ப நாள் ஆச்சு. எதுவா இருந்தாலும் பரவாயில்லை.

சுண்டெலி


ஏப்ரல் 13

நலம். நலம்னு எழுதணும்கிறதுக்காக எழுதுறேன்.

எதிர்பார்த்தேன். நீ எப்பவும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துல பென்சிலைப் பிடுங்கினவகிட்டயே போய்ச் சிரிச்சுப் பேசிட்டு வருவே. உன்னை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும். 'வேணும்னு செய்யலை'யாம்! வேணும்னுதான் செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா? அவனும் 'நான் சொல்லவே இல்லை'ன்னுதான் சொன்னான். உனக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம்?

அவன் செலவுல அடிக்கிற வர்ணம், அவன் செலவுல திங்கிற சோறு. சாப்பிடு. நல்லாச் சாப்பிடு.

போட்டோ கேட்டியே, இந்தா. நர்ஸு அடையாள அட்டையில இருந்து பிய்ச்சது. வேற போட்டோ நான் எடுத்துக்கலை. இந்த மூஞ்சிதான் தரையைப் பார்த்துக்கிட்டு மண்டி போட்டது. மாட்டி வச்சுக்கிட்டு வர்ணம் அடி.

பதில் எழுத வேண்டாம்.

அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத வேண்டாம்னு சொன்னே. ரெண்டு மாசம் எழுதாம இருந்தேன், போதும்னு நினைக்கிறேன். உன் கால் எப்படி இருக்கு? ஓட்டல்ல துணி மடிக்கிற அறையில மின்விசிறி போட்டாங்களா? எனக்கு இருமல் நின்னுடுச்சு. நீ திட்டினதை மனசுல வச்சுக்கலை. வச்சுக்கிட்டேன், ஆனா ஓரமா.

மிக்கேல் பீடம் முடிஞ்சிருச்சு. மேற்றிராணியார், அதான் பிஷப், வந்து மந்திரிச்சு வச்சார். அதுக்கு முந்தின வாரம் முழுக்கப் பேய்க்குத்தான் மரியாதை. சாமியார் கண்ணாடி போட்டுப் பார்த்தார், எஞ்சினியர் ஏணி வச்சுப் பார்த்தார், டாக்டர் சம்சாரம் தன் புருஷனைப் பக்கத்துல நிக்க வச்சே பார்த்தாங்க. பேய் இப்ப யார் மாதிரியும் இல்லை. எங்கேயோ வரிசையில நின்ன எவனோ ஒருத்தன். எல்லாருக்கும் திருப்தி. என் வேலை சுத்தம்னு பாராட்டி, மத்த பீடமும் என்கிட்டயே குடுத்திருக்காங்க.

இப்ப ஒரு புது ஏற்பாடு. ஞாயித்துக்கிழமை பெரிய பூசை முடிஞ்சதும் மிக்கேல் பீடத்துல எல்லாரும் மண்டி போட்டு ஒரு ஜெபம் சொல்றாங்க. செலவு ஏத்துக்கிட்டவர் முன் வரிசை.

நீ ஒரு தடவை வா அக்கா. அடுத்த மாசம் ஒரு ஞாயித்துக்கிழமைக்கு பஸ் டிக்கெட் எடுத்து இதோட வச்சிருக்கேன். வலது பக்கம் ரெண்டாவது தூண் ஓரமா நில்லு. நான் அன்னிக்கு வேற ஒரு கோயில்ல அளவெடுக்கப் போயிருப்பேன். ரூம் சாவி எதிர்வீட்டு அம்மாகிட்ட இருக்கும். என்னைக் கேள்வி கேட்காதே. வந்து பாரு, அவ்வளவுதான்.

சுண்டெலி


ஜூலை 1

சுண்டெலிக்கு,

கால் அப்படியேதான். மின்விசிறி போட்டாங்க, அது சுத்துறதை நாங்க வேடிக்கை பார்க்கிறோம், காத்துதான் வரலை.

வர மாட்டேன். எதுக்கு வரணும்? அவன் முன் வரிசையில உட்கார்ந்து புண்ணியம் சேர்க்கிறதைப் பார்க்கவா? யார் மூஞ்சியும் இல்லாத பேயைப் பார்க்கவா? நான் கோயில் வாசப்படி மிதிச்சே பல வருஷம் ஆச்சு. சாமிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை. டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடலாம்னு போனேன், பஸ் கம்பெனி ஆள் திருப்பி எடுக்க மாட்டானாம். வீணாப் போகும்.

போன தடவை கொஞ்சம் அதிகமாத்தான் எழுதிட்டேன். அதுக்காக நீ முகத்தைத் தூக்கி வச்சுக்காதே.

அங்க இப்ப மழையா, வெயிலா? குடை கொண்டு வரணுமா? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா


ஜூலை 24

என் தங்கச்சிக்கு,

நல்லா இருக்கேன். இந்தத் தடவை மெய்யாவே.

சாவி வாங்க நான் வரவே இல்லைன்னு எதிர்வீட்டு அம்மா சொல்லியிருப்பாங்க, கோயில்ல இருந்து நேரா பஸ் ஏறிட்டேன். உன்னைப் பார்த்திருந்தா அந்தத் தெருவுலயே உட்கார்ந்து ஒப்பாரி வச்சிருப்பேன், அதான். நடந்ததை எழுதுறேன், எழுத்துல இருக்கட்டும்.

பூசை முடியுறப்போதான் உள்ளே போனேன். அந்தக் குழி விழுந்த படியில கால் இடறிச்சு. நீ சொன்ன தூண் ஓரம் நின்னேன். முதல்ல பேயைத்தான் பார்த்தேன். எவனோ ஒரு கழுதை. எனக்குக் கோபம் சுருக்குன்னு ஏறிச்சு. இதைப் பார்க்கவா ராத்திரி பூரா முதுகு ஒடிய வந்தேன், இவளை என்ன செய்யலாம்னு பல்லைக் கடிச்சேன். அப்ப அந்த வழிகாட்டி ஒரு கூட்டத்தைக் கூட்டிட்டு வந்தான். 'சம்மனசு முகத்தை நல்லாப் பாருங்க. பல நூறு வருஷத்துக்கு முன்னாடி கடல் கடந்து வந்த ஒரு மேதை செஞ்சது. இப்படி ஒரு முகம் இந்தக் காலத்துல பிறக்கிறதே இல்லை'ன்னான்.

நிமிர்ந்து பார்த்தேன்.

அடி பாவி. அடி பாவி மகளே. மோவாயில அந்தத் தழும்பு, நீ என்னை ஊஞ்சல்ல இருந்து தள்ளிவிட்டது, அதைக்கூட விடலை. உனக்கு அம்மை போட்டிருந்தப்போ நான் குனிஞ்சு பார்ப்பேனே, அந்தப் பார்வை. கோபமே இல்லாத முகம். அப்படி ஒரு முகம் எனக்கு இருந்ததே மறந்து போச்சுடி. இந்தக் காலத்துல பிறக்காத அந்த முகம், பஸ் தூக்கத்தோட, கையில பையும் குடையுமா அந்த வழிகாட்டி முதுகுக்குப் பின்னாடிதான் நின்னுக்கிட்டு இருந்தது. அவன் திரும்பியே பார்க்கலை.

அப்புறம் அந்த வெள்ளைக்கோட்டு வந்தான். கம்பை ஓரமா வச்சுட்டு, பீடத்தைப் பிடிச்சுக்கிட்டு, முதல்ல ஒரு முட்டி, அப்புறம் இன்னொரு முட்டி. அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தான். அந்த மேல இருக்கிற என்னை. உதடு அசைஞ்சுது. 'எங்களைக் காப்பாத்தும், எங்களை மன்னியும்'னு சனத்தோட சேர்ந்து சொன்னான். ஆறு வருஷம் நிமிர்ந்து பார்க்காத முகத்தை அண்ணாந்து பார்த்துச் சொன்னான். நான் அசையாம நின்னேன். இன்னும் கொஞ்சம் நீளமான ஜெபமா இருக்கக் கூடாதான்னு தோணிச்சு.

எல்லாரும் எழுந்துட்டாங்க. அவனுக்கு முட்டி வரலை. சம்சாரம் சாமியாரோட பேசிக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல நின்னது நான்தான். திரும்பாமலே கையை நீட்டினான், அதே நீட்டல். 'அம்மா, கொஞ்சம் கை குடுங்க'ன்னான்.

என் கை போயிடுச்சுடி. நர்ஸு கை, விழுறவனைக் கண்டா தானா நீளும். பாதி தூரம் போன கையைத் திருப்பிக் கூட்டிட்டு வந்து முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டேன். சொன்னேன்: 'எழுதிக் குடுங்க டாக்டர். உங்க வாய்ச்சொல்லுக்குக் கையை நீட்டி ஒரு தடவை பட்டுட்டேன்.'

அப்பதான் திரும்பினான். என்னைப் பார்த்தான். பார்த்துக்கிட்டே இருந்தான். மூக்கு நுனி சிவந்துச்சு. மெதுவா அண்ணாந்து சம்மனசைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். ஒன்பது வருஷமா அவனுக்காக ஒரு பேச்சுத் தயார் பண்ணி வச்சிருந்தேன், குளிக்கிறப்பல்லாம் சொல்லிப் பார்த்திருக்கேன். அது தேவைப்படவே இல்லை. சும்மா பார்த்துக்கிட்டு நின்னேன். மேல இருக்கிறவளும் பார்த்துக்கிட்டு இருந்தா. வாசல்கிட்ட வந்து திரும்பிப் பார்த்தேன், அவன் இன்னும் மண்டி போட்டபடியே இருந்தான்.

மனசு ஆறிடுச்சான்னு கேட்பே. ஆறலை. அந்த டிரைவர் திரும்பி வரப் போறதில்லை, என் வேலையும் திரும்பி வரப் போறதில்லை. ஆனா வயிறு நிறைஞ்சுது. பஸ் ஏறினதும் தூங்கினேன், நடத்துனர் வந்து தட்டி எழுப்புற வரைக்கும்.

உன்னைக் கோழைன்னு நினைச்சேன். எல்லாரும் பேயைப் பார்த்துக்கிட்டு இருந்தப்போ நீ என்ன வேலை பார்த்திருக்கே!

உன் அக்கா


செப்டம்பர் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ரொம்ப நல்லா இருக்கேன். நீ தூங்குறேன்னு எழுதினதைப் பத்துத் தடவை படிச்சேன். கால் வீக்கம் வடிஞ்சுதா?

இங்க நடந்ததைக் கேளு. நீ போன மறுநாளே அவர் தனியா வந்தார். நான் சூசையப்பர் தாடிக்கு வர்ணம் அடிச்சுக்கிட்டு இருந்தேன். சாரத்துக்குக் கீழே நின்னு, 'அந்தச் சம்மனசு முகம்...'னு ஆரம்பிச்சார். 'ஏன் டாக்டர், யார் மாதிரியாவது இருக்கா?'ன்னு கேட்டேன். சாமியார் பக்கத்துலதான் நின்னார். அவரும் ஆர்வமா, 'யாருங்க டாக்டர்? தெரிஞ்சவங்களா? எங்க பார்த்தீங்க?'ன்னார். டாக்டர் வாயைத் திறந்தார். யாருன்னு சொன்னா எங்க பார்த்தேன்னு சொல்லணும். எங்க பார்த்தேன்னு சொன்னா என்ன செஞ்சேன்னு சொல்லணும். என்னைக் கொஞ்ச நேரம் உத்துப் பார்த்தார். ரெட்டைச்சடை ஞாபகம் வந்திருக்கும்னு நினைக்கிறேன். 'ஒண்ணும் இல்லை, நல்லா வந்திருக்கு'ன்னு சொல்லிட்டுப் போயிட்டார்.

ரெண்டு ஞாயிறு பூசைக்கே வரலை. அந்தம்மா விடுவாங்களா? 'உங்கப்பா பீடம், நீங்க வரலைன்னா ஊர் என்ன பேசும்?'னு கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாங்க. முன் வரிசை, அதே இடம். இப்பல்லாம் கண்ணை இறுக்கி மூடிக்கிறார், அண்ணாந்து பார்க்கிறதே இல்லை.

போன வாரம், 'மூட்டு வலி, நான் நின்னுக்கிட்டே ஜெபம் சொல்றேனே'ன்னு சாமியார்கிட்டக் கெஞ்சியிருக்கார். சாமியாருக்கு ரொம்ப இரக்கம். டாக்டருக்குன்னே தடிமனா, பஞ்சு அடைச்சு, சிவப்புத் துணி போட்டு ஒரு மெத்தை தைக்கச் சொல்லி, சம்மனசு முன்னாடி போட்டுட்டார். இனிமே வலிக்காது, வாராவாரம் மண்டி போடலாம்னு எல்லாருக்கும் சந்தோஷம். பெருக்குறப்போ அதை எடுத்து வைக்கிறது இப்ப என் வேலை.

உடம்பைப் பார்த்துக்கோ.

உன் சுண்டெலி


செப்டம்பர் 29

என் தங்கச்சிக்கு,

நலம். வீக்கம் வடிஞ்சிருச்சு. நேரத்துக்குச் சாப்பிடு, தூசியில துணி கட்டிக்கோ.

மெத்தையை எடுத்துடு.

அக்கா